பிள்ளை இருக்கும் இடத்தில் ஊசி இருக்க வேண்டும்

கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலிருந்து தேக்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். என் மகளுக்கு வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது என்று உறுதியான அன்று நான் அப்படித்தான் நடந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. கையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள், பையில் இரண்டு அட்ரினலின் ஊசிகள். பஃபலோ ரோட்டில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடையில் நின்று, வருடக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பொடிகளையும் பலகாரப் பொட்டலங்களையும் முதல்முறையாகத் திருப்பிப் படித்தேன். பாதியைத் திரும்ப அடுக்கில் வைத்தேன்.

வீட்டுச் சமையலறையைச் சீர்செய்ய ஒரு மாதம் ஆனது. பள்ளியைப் பற்றி யோசிக்க மூன்று வருடம் இருந்தது. ஆனாலும் தொடக்கநிலை 1 அறிமுக நாளில்தான் முதல் கேள்வியையே கேட்டேன். நவம்பர் கடைசி, ஆசிரியர்கள் விடுமுறைக்குப் புறப்படும் நேரம். அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம். பள்ளியில் இடம் உறுதியான வாரத்திலேயே அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடுமையான உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளை மற்ற பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும். தனி மேசையில், தனி அறையில், சுற்றுலா நாளில் வீட்டில் என்று ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது. ஊசி பிள்ளையின் பக்கத்தில் இருப்பதும், அதைப் போடத் தெரிந்த ஒருவர் தயங்காமல் போடுவதும்தான் பாதுகாப்பு. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

கனடாவின் ஒன்டாரியோவில் 2003-ல் நடந்ததைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 13 வயது மாணவி ஒருத்தி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் ஆகாது. வறுவலில் பால் இல்லை. பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதே பின்னர் சொல்லப்பட்ட விளக்கம். மூச்சுத் திணறியபோது அவளுடைய ஊசி அவளிடம் இல்லை, லாக்கரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 2005-ல் அந்த மாநிலம் அவள் பெயரால் சாப்ரினா சட்டத்தை நிறைவேற்றியது. பள்ளிகளில் ஒவ்வாமைக் கொள்கை, பிள்ளைக்குப் பிள்ளை தனித் திட்டம், ஊழியர்களுக்கு முறையான பயிற்சி ஆகிய மூன்றும் அங்கே கட்டாயம். டொரோண்டோவில் படிக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இன்று அந்தச் சட்டம்தான் காவல். அது கேட்கும் மூன்றையும் நாம் நம் பள்ளியிடம் மரியாதையாகக் கேட்டுப் பெறலாம்.

“கடலை” என்ற சொல்

நம் வீடுகளில் ஆபத்து முதலில் மொழியில் ஒளிந்திருக்கிறது. வேர்க்கடலை, நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு, கடலை எண்ணெய் எல்லாமே நமக்குக் “கடலை”. இவற்றில் வேர்க்கடலையும் நிலக்கடலையும் ஒன்றே. நாம் கடலை எண்ணெய் என்பதும் அதிலிருந்து வருவதுதான். பொட்டுக்கடலையும் கடலை மாவும் கொண்டைக்கடலைக் குடும்பம். “சட்னியில் கடலை இருக்கா?” என்று கேட்டால் பொட்டுக்கடலையை நினைத்து “ஆமாம்” என்பார்கள், அல்லது வேர்க்கடலையை மறந்து “இல்லை” என்பார்கள். பருப்பும் அப்படித்தான். துவரம்பருப்பும் பருப்பு, முந்திரிப்பருப்பும் பருப்பு. இனிப்புக் கடையில் முந்திரி “காஜு” என்ற பெயரில் இருக்கும். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும் தாளில் இந்தப் பெயர்களைப் பிரித்து எழுதுங்கள். என் மகளின் தாளில் “கூடாதது: வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா” என்றும், அடுத்த வரியில் “சாப்பிடலாம்: பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, எல்லாப் பருப்பு வகைகளும்” என்றும் இருக்கும். இரண்டாவது வரி முதல் வரிக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அது இல்லாவிட்டால் பயந்துபோன ஆசிரியர் பிள்ளைக்கு வடையைக்கூடக் கொடுக்க மாட்டார்.

கோதுமை ஆகாத பிள்ளையின் பெற்றோர் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு சேர்த்திருக்கும். ரசம் பாதுகாப்பானது என்று நினைத்து ஆறு மாதம் ஏமாந்தவர்களை நான் அறிவேன். பால் ஆகாத பிள்ளைக்கு நெய்யும் ஆகாது. உருக்கினாலும் பாலின் புரதம் கொஞ்சம் தங்கிவிடும். “சைவம்தானே, பயமில்லை” என்பதும் தவறு. நம் சைவச் சமையலில் பால், நெய், முந்திரி, எள் இல்லாத நாள் குறைவு.

சிற்றுண்டிச்சாலையில் மலாய் மொழியும் வேண்டும். கச்சாங் என்றால் பொதுவாகப் பயறு, கடலை எல்லாம் அடங்கும். வேர்க்கடலையை மட்டும் குறிக்க “கச்சாங் தானா”. இறால் ஊடாங், முட்டை தெலூர், பால் சூசூ. மாண்டரினில் வேர்க்கடலை “ஹுவா ஷெங்”. ஏழு வயதுப் பிள்ளை இந்த நான்கைந்து சொற்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். என் மகள் கடைக்காரரிடம் “மக்சிக், இனி அடா கச்சாங் தானா?” என்று கேட்டுவிட்டு, பதில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுவாள். இந்த இரண்டாம் பாதியைத்தான் வீட்டில் அதிகம் பழக்கினோம்.

சிற்றுண்டிச்சாலையில் நின்று பாருங்கள்

சிங்கப்பூரில் எந்த உணவு பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்புகிறது என்பது காலத்தோடு மாறியிருக்கிறது. 1990-களில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, கடுமையான உணவு ஒவ்வாமைக்குப் பிள்ளைகளிடம் முதல் காரணமாக இருந்தது பறவைக்கூடு. அடுத்து இறால், நண்டு. 2005 முதல் 2009 வரை கேகே மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளில் வேர்க்கடலை முதலிடத்துக்கு வந்துவிட்டது. பதின்ம வயதினரிடம் கேட்டபோது 100 பேரில் சுமார் 5 பேர் தங்களுக்கு இறால், நண்டு வகை ஆகாது என்றனர். சீனப் புத்தாண்டில் அண்டை வீட்டார் அன்பாகத் தரும் பறவைக்கூட்டுப் பானத்தையும் நாம் யோசித்தே வாங்க வேண்டியிருக்கிறது.

இங்கே உணவின் பெயர் எல்லாவற்றையும் சொல்லாது. சம்பலில் பெலாச்சான் இருந்தால் அதில் இறால் இருக்கிறது. லக்சாவில் உலர்ந்த இறால். சாத்தே குழம்பிலும் ரோஜாக்கிலும் வேர்க்கடலை. நாசி லெமாக்கில் நெத்திலியும் வேர்க்கடலையும் பக்கத்துப் பக்கத்தில். ஐஸ் கச்சாங்கின் மேலே தூவுவதும் சில கடைகளில் வேர்க்கடலையே. காயா ரொட்டியில் முட்டை.

பள்ளி திறக்கும் முன்பு ஒருநாள் அனுமதி பெற்றுச் சிற்றுண்டிச்சாலையில் நில்லுங்கள். நான் நின்றேன். ஒரு கடையில் ஐந்து பாத்திரங்கள், மூன்று கரண்டிகள். அவசரம் வந்ததும் சம்பல் எடுத்த கரண்டியே காய்கறிக்குப் போனது. கடைக்கார ஆன்ட்டி நல்லவர். நான் காட்டிய பிறகு அவரே வெட்கப்பட்டார். இடைவேளை அரை மணி நேரம், வரிசையில் நூறு பிள்ளைகள், அவர் ஒருவர். அவரிடம் “கவனமாக இருங்கள்” என்று சொல்லிப் பயனில்லை. “இந்தச் சிவப்புக் கைப்பிடிக் கரண்டி சோற்றுக்கு மட்டும்” என்று ஒரு கரண்டியை வாங்கிக் கொடுத்ததில் பயன் இருந்தது. அதன் பிறகும் முதல் பருவம் முழுவதும் வீட்டுச் சாப்பாடுதான் கொடுத்தனுப்பினேன். தொடக்கநிலை 1 பிள்ளைக்கு அதுவே சரி என்பது என் கருத்து.

2026 தொடக்கத்திலிருந்து சில பள்ளிகளில் மையச் சமையலறையிலிருந்து உணவு வருகிறது. முன்கூட்டியே பதிவு செய்யும் உணவு என்பதால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டறிய வழி இருக்கிறது. உங்கள் பள்ளி அப்படிப்பட்டதானால் உணவு வழங்குபவரிடம் பொருள் பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.

பொட்டல உணவுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி உண்டு. பசையம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை இருந்தால் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய இடைவெளி. எள்ளோ கடுகோ ஆகாத பிள்ளைக்கு முழுப் பொருள் பட்டியலையும் படியுங்கள். “மசாலா” என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். “கலந்திருக்கலாம்” என்ற எச்சரிக்கையைத் தயாரிப்பாளர் தம் விருப்பப்படிதான் அச்சிடுகிறார். அது இல்லை என்பதால் கலக்கவில்லை என்று ஆகாது.

ஒரே மேசை

“பக்கத்தில் யாராவது கடலை சாப்பிட்டால் வாசனையிலேயே ஆகிவிடாதா?” என்று ஆசிரியர்கள் உண்மையான கவலையோடு கேட்பார்கள். கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், வேர்க்கடலை வெண்ணெயை முகர்ந்ததாலோ தோலில் பட்டதாலோ ஒருவருக்கும் உடல் முழுவதும் பரவும் விளைவு வரவில்லை. கொதிக்கும் மீன், இறாலின் ஆவி சிலருக்குத் தொல்லை தரும். அப்படிப்பட்ட பிள்ளை சமைக்கும் இடத்தருகே நிற்கக் கூடாது. மற்றபடி ஆபத்து வாய்க்குள் போவதில்தான். பள்ளி முழுவதும் ஒரு உணவைத் தடை செய்வதைவிட ஊழியர் பயிற்சியும் கையில் ஊசியும் முக்கியம் என்றே 2021-ல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது. தடை போட்டுவிட்டால் எல்லாரும் நிம்மதியாகி, பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

வகுப்பில் இரண்டே பழக்கங்களைக் கேளுங்கள். ஒன்று, யாரும் யாருக்கும் உணவு பகிர்வதில்லை. இரண்டு, சாப்பிட்ட பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார்கள். கிருமிநாசினித் திரவம் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. சோப்பும் தண்ணீரும் எடுக்கும். குழாய் தொலைவில் இருந்தால் ஈரத்துடைப்பான் போதும்.

பல தொடக்கப்பள்ளிகளில் முதல் வாரங்களில் தொடக்கநிலை 1 பிள்ளைக்கு மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக அனுப்புவார்கள். அந்தத் துணைக்கும் சொல்லி வையுங்கள். என் மகளின் துணை பத்து வயது மலாய்ப் பெண். “அக்கா, இது சாப்பிடலாமா?” என்று என் மகள் தமிழில் கேட்பாள், அவள் மலாயில் கடைக்காரரிடம் கேட்டுச் சொல்வாள்.

கிண்டலை விளையாட்டு என்று விடாதீர்கள். 2017-ல் லண்டனில் பால் ஆகாத 13 வயதுச் சிறுவன்மீது சக மாணவன் ஒருவன் பாலாடைக்கட்டித் துண்டை எறிந்தான். சிறுவன் சில நாளில் இறந்தான். எறிந்தவனுக்கு அது உயிரைப் பறிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. பள்ளியில் இருந்த, இறந்த சிறுவனுடைய ஊசி காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்று விசாரணையில் வெளிவந்தது.

அந்தச் சில நிமிடங்கள்

அனாபிலாக்சிஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும். சிறு பிள்ளை “எனக்கு அனாபிலாக்சிஸ்” என்று சொல்லாது. “வாய் காரமா இருக்கு” என்று காரமில்லாததைத் தின்றுவிட்டுச் சொல்லும். “நாக்குல முள்ளு குத்துது”, “தொண்டையில என்னமோ மாட்டியிருக்கு” என்று சொல்லும். சட்டென்று அமைதியாகி மேசையில் சாயும். உங்கள் பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்லுமோ அதையே தாளில் எழுதுங்கள்.

தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தால் மருத்துவர் சொன்ன ஒவ்வாமை மருந்தைக் கொடுத்துவிட்டுக் கண் எடுக்காமல் பார்க்கலாம். குரல் மாறுதல், விடாத இருமல், இழுப்பு, நாக்கு வீக்கம், மூச்சு முட்டல், மயக்கம், உடல் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஊசிதான். அரிப்பு மாத்திரை அனாபிலாக்சிஸை நிறுத்தாது. தோலில் தடிப்பே இல்லாமலும் அனாபிலாக்சிஸ் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு முதலில் ஊசி, பிறகு இன்ஹேலர். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் போட்ட ஊசியால் கொஞ்ச நேரம் படபடப்பு வரும், போடாமல் விட்டால் உயிர் போகலாம்.

பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் காலை நீட்டி உட்கார வையுங்கள். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். பள்ளிகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான்: உடம்பு சரியில்லை என்று பிள்ளை சொன்னதும் ஒரு தோழியோடு நோயாளர் அறைக்கு நடத்தி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை போகக் கூடாது, உதவிதான் பிள்ளையிடம் வர வேண்டும். இந்த வாக்கியத்தை எங்கள் தாளில் சிவப்பு எழுத்தில் அடித்திருக்கிறோம்.

உங்கள் ஊசி எபிபென் வகையானால் நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம் வைத்து, சொடுக்கு ஒலி கேட்கும்வரை அழுத்தி, உறையில் எழுதியுள்ள நொடிகள்வரை பிடிக்க வேண்டும். சீருடை மேலேயே போடலாம். அடுத்து 995. ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும், யார் அங்கே நின்று கதவைத் திறப்பார் என்பதை முன்பே முடிவு செய்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து விளைவு திரும்பி வரலாம். பெற்றோருக்கு அழைப்பது இவையெல்லாம் முடிந்த பிறகு. “முதலில் எனக்குப் போன் செய்யுங்கள், டீச்சர்” என்று சொல்லி வைத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் அனுமதிக்காக அவர் காத்திருக்கக் கூடாது.

ஊசியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளி அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் வைக்கிறோம் என்றார்கள். என் மகளின் வகுப்பு நான்காம் மாடி. அலுவலகத்திலிருந்து அங்கே நடந்து பார்த்தேன்: போக இரண்டரை நிமிடம், சாவி தேடும் நேரம் தனி. அதைச் சொன்னதும் துணை முதல்வர் தாமே ஒருமுறை நடந்து பார்த்தார். அதற்குப் பிறகு வாதம் இல்லை. இப்போது ஒரு ஊசி அவள் இடுப்புப் பையில், இன்னொன்று அலுவலகத்தில் பூட்டாத பெட்டியில். உடற்கல்விக்கும் இணைப்பாட நடவடிக்கைக்கும் கழற்றினால் இடுப்புப் பை மாடியில் தங்கிவிடும் என்பதால் அதை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்வார். மாலையில் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கும் பை கூடவே போகும். ஊசியைக் குளிர்பதனப் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கக் கூடாது. பிள்ளையின் எடை கூடும்போது 0.15 மில்லிகிராம் ஊசியை 0.3-க்கு மாற்ற வேண்டிவரும்; ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பயிற்சி ஊசியை வாங்கி எல்லார் கையிலும் கொடுங்கள். வகுப்பாசிரியர், தமிழாசிரியர், பள்ளிப் பேருந்து அங்கிள், வீட்டுப் பணிப்பெண், தாத்தா, பாட்டி. என் மாமியார் முதலில் தொடவே மாட்டேன் என்றார். ஆரஞ்சுப் பழத்தில் பத்து முறை அழுத்திப் பழகினார். “ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது” என்று மூன்று வருடம் சொல்லிவந்தவர் அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஊசியின் கனம் கையில் பட்டபோதுதான் அவருக்கு நோயின் கனம் புரிந்தது.

திருநாளும் பயணமும்

பாடநாளைவிடக் கொண்டாட்ட நாளில்தான் கவனம் சிதறும். ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் வகுப்பில் பல வகைப் பலகாரங்கள் வலம் வரும். தீபாவளிக்கு நம்மவர்களே முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொடுப்போம். இரண்டு வாரம் முன்பே ஆசிரியரிடம், “டீச்சர், என்ன கொண்டுவரப் போகிறார்கள் என்று சொன்னால் அதே மாதிரி ஒன்றை நான் செய்து தருகிறேன்” என்று கேளுங்கள். எல்லாரும் லட்டு தின்னும்போது நம் பிள்ளை ஆப்பிள் தின்னக் கூடாது. முந்திரி போடாத லட்டு தின்ன வேண்டும். முடிந்தால் வகுப்பு முழுமைக்கும் நீங்களே செய்து கொடுங்கள்.

கற்றல் பயணமாக லிட்டில் இந்தியாவுக்கு வருகிறார்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பலகாரக் கடையில் சுவைக்க வைப்பார்கள். என் மகளின் வகுப்பு வந்தபோது, “அவளை இந்தமுறை விட்டுவிடலாமே” என்று ஒரு யோசனை வந்தது. நான் முதல் நாளே அந்தக் கடைக்குப் போய்ப் பேசினேன். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், முந்திரி பக்கோடாவும் முறுக்கும் ஒரே சட்டியா என்று கேட்டேன். ஒரே சட்டிதான். ஆகவே முறுக்கு அவளுக்கு வீட்டிலிருந்து போனது. மற்றவர்கள் நின்ற அதே வரிசையில் நின்று, அதே நேரத்தில் அதையே தின்றாள். திரும்பி வந்து வரைந்த படத்தில் முறுக்குதான் பெரிதாக இருந்தது.

தொடக்கநிலை 5 முகாமுக்கு மூன்று மாதம் முன்பே பேசுங்கள். உணவு வழங்குபவர், இரவில் ஊசியை வைத்திருப்பவர், அருகில் உள்ள மருத்துவமனை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பிள்ளையின் பையைத் திறவுங்கள். இரண்டு ஊசிகளையும் எடுத்து, உறையில் அச்சிட்ட காலாவதி மாதத்தைப் படியுங்கள். அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியை உங்கள் கைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.